கூரையில் விளைந்த கரண்டுக்கு விலை வைத்தது யார்?

ஆசிரியர்களே, படிவம் 4, 5 மாணவர்களே, வீட்டில் போன மாத மின்கட்டண பில் கிடந்தால் ஒரு நிமிடம் எடுத்து வாருங்கள். மொத்தத் தொகையை விடுங்கள், அது அப்பா அம்மா கவலை. அதற்கு மேலே சின்ன எழுத்தில் 'கே.டபிள்யூ.டி.பி.பி. 1.6%' என்று ஒரு வரி இருக்கும். மாதம் 300 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. ஏர்கான் இரண்டு ஓடுகிற வீடு என்றால் கண்டிப்பாக இருக்கும்.

கும்புலான் வாங் தெனாகா போலே பஹாரு, அதாவது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி என்பதன் சுருக்கம்தான் அது. உங்கள் தெருவில் 2012, 2013 வாக்கிலேயே கூரையில் சோலார் பேனல் பொருத்திய வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்காரருக்கு தெனாகா மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் உங்கள் வீட்டுப் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இதை ஏன் சொல்ல வந்தேன் என்றால், 'சூரியசக்தி' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பத்தில் எட்டுக் கட்டுரைகளில் ஒரே வாக்கியம் வந்துவிடுகிறது: 'வீட்டில் தயாராகும் மின்சாரத்தை அரசாங்கத்திற்கு விற்று வருமானம் ஈட்டலாம்.' நான் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு கேள்வி எழுதுவேன். எந்த ஆண்டில்? என்ன விலைக்கு? ஏனென்றால் நம் நாட்டில் இந்த விலை ஒரு யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசாக இருந்திருக்கிறது, 31 காசாக இருந்திருக்கிறது, பணமே கைக்கு வராத காலமும் இருந்திருக்கிறது. சூரியன் என்னவோ அதே சூரியன்தான். விலையைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். அந்தத் தீர்மானங்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போவோம். மலாயாவில் மின்சாரம் அரசாங்கத்தால் தொடங்கவில்லை, தனியாரால் தொடங்கியது. 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் முதல் மின் இயந்திரத்தைப் பொருத்தியவர்கள் இருவர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. இன்னொருவர், பத்துமலைக் கோயில் வரலாற்றில் நீங்கள் படித்திருக்கும் அதே கே. தம்புசாமிப் பிள்ளை. சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க அவர்களுக்குப் பம்பு ஓட வேண்டும், அதற்குத்தான் அந்த மின்சாரம். 1900இல் பகாங், ரவூப் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. அதுவும் சொந்த வேலைக்குத்தான். தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்வது என்பது ஏதோ புதுயுகக் கண்டுபிடிப்பு போல விளம்பரங்களில் பேசுகிறார்கள். நம் மண்ணில் கதை தொடங்கியதே அப்படித்தான்.

பிறகு அது ஒரே கைக்குப் போனது. 1949 செப்டம்பர் 1இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது லெம்பாகா லெட்ரிக் நெகாரா, அதாவது எல்.எல்.என். ஆனது. ('லெட்ரிக் பில்' என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல் அதுதான்.) 1990 செப்டம்பர் 1இல் தெனாகா நேஷனல் பெர்ஹாட். இந்த நாற்பது ஆண்டுகளும் மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடியது: நிலையத்திலிருந்து கம்பி வழியாக வீட்டுக்கு. தோட்டத்து லயங்களில் அந்தக் கம்பிகூட வெகுநாள் வரவில்லை. தோட்ட நிர்வாகத்தின் ஜெனரேட்டர் சாயங்காலம் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும் என்று என் பாட்டி சொல்வார். விளக்கை அணைப்பது வீட்டுக்காரர் வேலையே இல்லை, அது தோட்டத்து வேலை! மின்சாரம் என்றால் மேலேயிருந்து வருவது, கொடுத்தால் வாங்கிக்கொள்வது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் அப்படி ஊறிப்போயிருந்தது.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் 1992 செப்டம்பர் 29இல் விழுந்தது. அன்று தீபகற்பம் முழுக்க மின்தடை. தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம், தெனாகா மட்டும் தயாரித்தால் போதாது என்ற நிலை. அடுத்த ஆண்டே தனியார் நிறுவனங்களுக்கு மின்நிலையம் கட்டும் உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் பெற்றது ஒய்.டி.எல். நிறுவனம். அதன் மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கு தெனாகா வாங்கிக்கொள்ளும் என்பது ஒப்பந்தம். 21 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும். ஆக, தெனாகாவுக்கு மின்சாரம் விற்கலாம் என்ற கதவு 1990களிலேயே திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவு வழியாகப் பெரிய நிறுவனங்கள்தான் போக முடிந்தது.

வீடுகள் விற்கிற யோசனை எங்கிருந்து வந்தது? இரண்டு ஊர்களிலிருந்து, இரண்டு விதமாக வந்தது. தேர்வுக்கு இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒன்று அமெரிக்கா. 1979இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பிறகு ஒரு வீட்டிலும் சோலார் பேனல்களைப் பொருத்தி மின்கம்பியோடு இணைத்தார். பகலில் வீட்டுக்குத் தேவைப்பட்டது போக மீதி மின்சாரம் கம்பிக்குப் போகும். அப்போது என்ன நடந்தது தெரியுமா? மீட்டரில் சுழலும் அந்த உலோகத் தட்டு பின்பக்கமாகச் சுழன்றது! யாரும் சட்டம் போடவில்லை, விலை பேசவில்லை. அந்தக் காலத்து மீட்டரின் இயல்பே அது. போன யூனிட் கழிந்தது, வந்த யூனிட் கூடியது. மாத முடிவில் மிச்சம் எவ்வளவோ அதற்குத்தான் பில். 1983இல் மின்னசோட்டா மாநிலம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. இதைத்தான் நிகர அளவீடு என்கிறோம்.

இன்னொன்று ஜெர்மனி. அங்கே 1991 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், சிறிய உற்பத்தியாளர்களின் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை மின்நிறுவனங்கள் வாங்கியே தீர வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் விலை சோலாருக்குக் கட்டுப்படியாகவில்லை, பேனல் விலை அப்போது யானை விலை. ஆகன் என்ற நகரம் ஒரு படி மேலே போய், போட்ட முதல் திரும்ப வரும்படி விலை கொடுப்போம் என்று யூனிட்டுக்குச் சுமார் 2 மார்க் கொடுத்தது. 2000இல் நாடு முழுவதற்கும் வந்த புதிய சட்டம் சோலாருக்கு 99 பெனிக் விலையை 20 ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. கடையில் விற்கும் விலையைவிடக் கூடுதல் விலைக்கு வீட்டிலிருந்து வாங்குவது! கூடுதல் பணத்தை மின்சாரம் பயன்படுத்துவோர் எல்லாரும் பகிர்ந்து சுமந்தார்கள்.

மாணவர்களுக்கு நான் இதை முருங்கைக்காய் வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். உங்கள் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொண்டுபோகிறீர்கள். அமெரிக்க முறை கைமாற்று: இன்றைக்குப் பத்துக் கொடுத்துவைக்கிறேன், வேண்டும்போது பத்து எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மன் முறை விற்பனை, அதுவும் கடைக்காரர் மற்ற வாடிக்கையாளர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்து உங்களுக்குக் கூடுதல் விலை தருகிற விற்பனை. ஏன் கூடுதல்? இன்னும் நாலு பேர் முருங்கை நடட்டும், நாற்று மலியட்டும் என்பதற்காக. சோலார் விஷயத்தில் அது நடந்தது. ஜெர்மனியின் கூரைகள் கேட்டுக் கேட்டுத்தான் உலகில் பேனல் தொழிற்சாலைகள் பெருகின, விலை சரிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2005இல் ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம், உலகச் சுற்றுச்சூழல் நிதி ஆகியவற்றின் உதவியோடு எம்.பி.ஐ.பி.வி. என்ற திட்டம் தொடங்கியது. கட்டடங்களோடு சேர்த்துச் சோலார் அமைப்பதுதான் நோக்கம். அதன் கிளைத்திட்டம் 'சூரியா 1000'. சூரியன் என்ற நம் சொல்தான், மலாய் வழியாக. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேனல் போட விரும்பும் வீட்டுக்காரர் எத்தனை விழுக்காடு உதவித்தொகை கிடைத்தால் போதும் என்று ஏலம் கேட்க வேண்டும். குறைவாகக் கேட்டவருக்கு முன்னுரிமை. வசதியுள்ளவர்கள் மட்டுமே விளையாடக்கூடிய ஏலம் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் மின்கம்பியில் வீட்டுக் கரண்டை விட்டால் ஒன்றும் ஆகாது, அளக்க முடியும், கணக்கு வைக்க முடியும் என்று காட்டியது இந்தத் திட்டம்தான்.

2011தான் திருப்புமுனை. நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் (சட்டம் 725) ஒன்று. செடா என்று நாம் சொல்லும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தை அமைத்த சட்டம் 726 மற்றொன்று. 2011 டிசம்பர் 1 முதல் ஜெர்மன் பாணியிலான ஊக்கவிலைத் திட்டம், 'ஃபிட்', நடைமுறைக்கு வந்தது. 4 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்கு அடிப்படை விலை யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 காசு. கட்டடத்தின் பகுதியாகவே அமைத்தால் அதற்கு மேலும் கொஞ்சம். ஒப்பந்தக் காலம்? 21 ஆண்டு. ஒய்.டி.எல்.லுக்குக் கிடைத்த அதே 21, இப்போது ஒரு தரை வீட்டுக்கு.

இதன் பெருமதி புரிய ஒரு கணக்குப் போடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு வீடு தெனாகாவிடம் வாங்கும் முதல் 200 யூனிட்டுக்கு விலை தலா 21.8 காசு. அதே வீடு விற்றால் 123 காசு. ஐந்து மடங்குக்கு மேல்! 4 கிலோவாட் அமைப்பு நம் வெயிலுக்கு மாதம் சுமார் 400 யூனிட் தரும். அப்படியென்றால் மாதம் 492 வெள்ளி, ரொக்கமாக.

பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் உங்கள் பில்லில் உள்ள அந்த வரி நுழைகிறது. தொடக்கத்தில் 1 விழுக்காடு, 2014 ஜனவரியிலிருந்து 1.6 விழுக்காடு. நிலையத்தில் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவை தெனாகா ஏற்கும், அதற்கு மேலுள்ள பகுதி நிதியிலிருந்து வரும். 300 யூனிட்டுக்குள் இருக்கும் ஏழை வீடுகளை விலக்கியது நல்ல முடிவு என்பேன். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அடுக்குமாடியில் ஐந்து பேர் உள்ள குடும்பம் 350 யூனிட் பயன்படுத்தினால் நிதிக்குக் கட்ட வேண்டும். அவர்களுக்கு என்று தனிக் கூரை கிடையாது, அதனால் விற்கவும் முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கூரை உள்ளவருக்குக் கூரை இல்லாதவரும் சேர்ந்து கொடுத்த பணம் அது. 'நன்மை தீமைகளை விளக்குக' என்று கேள்வி வந்தால் தீமையாக 'மழைக்காலத்தில் மின்சாரம் குறையும்' என்று மட்டும் எழுதுகிறோமே, இதை எழுதிப் பாருங்கள்.

நிதி அளவோடு இருந்ததால் ஒதுக்கீடும் அளவோடுதான் இருந்தது. ஒதுக்கீடு திறந்தால் விண்ணப்பங்கள் முந்திக்கொண்டு குவியும். புதிதாகச் சேருபவர்களுக்கான விலை ஆண்டுக்கு ஆண்டு குறைக்கப்பட்டது. பேனல் விலையும் இறங்கிக்கொண்டே வந்ததால் அது நியாயம்தான். சரவாக் இந்தச் சட்டத்தின் வட்டத்துக்குள் வரவில்லை, அங்கே மின்துறை தனி நிர்வாகம்.

பேனல் மலிந்த பிறகு ஊக்கவிலை எதற்கு என்ற கேள்வி வந்தது. 2016 நவம்பரில் 'நெம்', அதாவது நிகர அளவீட்டுத் திட்டம், 500 மெகாவாட் ஒதுக்கீட்டோடு தொடங்கியது. பெயரைக் கேட்டதும் அமெரிக்கக் கைமாற்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உள்ளே பார்த்தால் வேறு. வீட்டுக்குப் போக மிஞ்சும் யூனிட்டுக்கு 31 காசு, அதுவும் ரொக்கமாக அல்ல, பில்லில் கழிவாக. அதிகம் பயன்படுத்தும் வீடு அப்போது தெனாகாவிடம் வாங்கும்போது கடைசி யூனிட்டுகளுக்கு 57.1 காசு வரை கொடுத்தது. மதியம் 31 காசுக்குக் கொடுத்துவிட்டு, இரவு 57 காசுக்குத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. யாருக்கு மனசு வரும்? திட்டம் தூங்கி வழிந்தது.

தெனாகா பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். முருங்கைக் கடைக்காரர் தாம் விற்கிற விலைக்கே உங்களிடம் வாங்குவாரா? கடை வாடகை, ஆள் சம்பளம், காய் வாடினால் நட்டம் எல்லாம் அவர் தலையில். அதுபோலக் கம்பி, மின்மாற்றி, பழுது பார்க்கும் ஆட்கள், சூரியன் இறங்கிய பின் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் விளக்குப் போடும்போது எரிவாயு, நிலக்கரி நிலையங்களைத் தயாராக வைத்திருப்பது எல்லாம் செலவு. வீட்டு சோலார் இந்தச் செலவில் பெரும்பகுதியைக் குறைப்பதில்லை. நிலையத்தில் எரியும் எரிபொருளைத்தான் குறைக்கிறது. அந்த மிச்சத்தின் மதிப்புதான் 31 காசு என்றது அந்தக் கணக்கு. கணக்குப்படி சரி. ஆனால் அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்பதும் சரி.

2018இல் ஆட்சி மாறிய பிறகு, எரிசக்தி அமைச்சராக இருந்த இயோ பீ யின் காலத்தில் இது திருத்தப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒன்றுக்கு ஒன்று. கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் ஒரே மதிப்பு. உண்மையான கைமாற்று. அவ்வளவுதான், மற்றபடி பேனலும் அதேதான், கூரையும் அதேதான். இரண்டு ஆண்டு தூங்கிய ஒதுக்கீடு அடுத்த இரண்டு ஆண்டுக்குள், 2020 முடிவதற்குள், தீர்ந்துபோனது. காரணம்-விளைவு கற்பிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள். ஒரே ஒரு காரணியை மாற்றினார்கள், விளைவு தலைகீழானது.

2021இல் மூன்றாம் கட்டம் வந்தது. வீடுகளுக்கு 'நெம் ரக்யாட்'. ஒன்றுக்கு ஒன்று தொடர்ந்தது, ஆனால் 10 ஆண்டுக்கு மட்டும். மிஞ்சிய கழிவை 12 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு போய்விடும். ஒதுக்கீடு நிறைய நிறையப் பல முறை உயர்த்தினார்கள். 2025 ஜூன் 30உடன் அதுவும் மூடப்பட்டது. மறுநாள் ஜூலை 1இல் மின்கட்டண அமைப்பே மாறியது. முன்பு ஒரே விலையாக இருந்ததை மின்சாரத்துக்கு இவ்வளவு, நிலையத் திறனுக்கு இவ்வளவு, கம்பிக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டார்கள். கடைக்காரர் காய் விலையையும் கடை வாடகையையும் பில்லில் தனித்தனியாக எழுதிக் காட்டுவது போல.

2026 ஜனவரியிலிருந்து நடப்பில் இருப்பது 'சோலார் அத்தாப்'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, மலாயில் கூரை என்று பொருள்படும்படி அமைத்த பெயர். நம் தாத்தா பாட்டி காலத்து அத்தாப்புக் குடிசையில் இருந்த அதே அத்தாப். இதில் கம்பிக்குப் போகும் யூனிட்டுக்கு, பிரித்த அந்த மூன்றில் மின்சாரப் பகுதியின் விலை மட்டுமே கழிவாகக் கிடைக்கும். மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு அது 27.03 காசு. அந்த மாதத்திலேயே கழிக்க முடியாமல் மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது.

சொல்லைக் கவனியுங்கள், நாம் தமிழாசிரியர்கள் ஆயிற்றே. ஃபிட் காலத்தில் நடந்தது 'விற்றல்'. நெம் காலத்திலிருந்து நடப்பது 'ஈடுசெய்தல்'. வீட்டு வாசலுக்கு வரும் சோலார் விற்பனையாளர் சிலர் இன்றும் பழைய சொல்லையே பயன்படுத்துகிறார்கள்: "தெனாகாவுக்கு வித்துடலாம்ங்க, மாசாமாசம் காசு வரும்." போன ஆண்டு என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டாள், "டீச்சர், எங்கப்பா லோன் போட்டு பேனல் போடப் போறாரு. நிஜமாவே காசு குடுப்பாங்களா?" அவளிடம் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? யாருமில்லை, எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறோம். மின்சாரம் அதிகம் ஓடுவது எப்போது? ராத்திரி, ஏர்கான். அப்படியானால் பகலில் கூரையில் விளைவதில் பெரும்பகுதி கம்பிக்குப் போகும், இரவில் முழு விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். பாட்டி வீட்டில் இருந்து பகலில் துணி துவைத்து, சமைத்து, ஃபேன் போட்டு உட்கார்ந்திருந்தால் கணக்கு வேறு. பேனல் போடலாமா கூடாதா என்று நான் சொல்லவில்லை. 'காசு குடுப்பாங்களா' என்ற கேள்விக்கு விடை, எந்தத் திட்டத்தின் கீழ் எந்த ஆண்டில் கையெழுத்துப் போடுகிறார் என்பதில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தக் கணக்கை அவள் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து மறுபடி போட்டாள்.

இப்போது தெருவில் நடந்து பாருங்கள். வரிசையாக மூன்று வீடு, மூன்றின் கூரையிலும் பேனல். 2012இல் போட்ட முதல் வீட்டுக்கு 1 வெள்ளி 23 காசு, 2033 வரை. 2021இல் போட்ட இரண்டாவது வீட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று, 2031 வரை. இந்த ஆண்டு போட்ட மூன்றாவது வீட்டுக்கு 27 காசுக் கழிவு, மாதக் கடைசியில் மிச்சம் இல்லை. மூன்று கூரையிலும் விழுவது ஒரே வெயில்.